வாதமா, கூட்டு ஜெபமா? ஏற்காட்டில் இரண்டையும் செய்து பார்த்த பின்

ஏற்காட்டில் நாங்கள் இருக்கும் தெருவில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீடுகளும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு இரு பக்கமும் போகும், வரும். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் இரு தரப்பாரும் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு புறப்படுவோம். ஆனால் விசுவாசத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்ற ஆசை வந்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள்தாம் இருந்தன. வசனத்துக்கு வசனம் எடுத்து வைத்து எது சரியான போதனை என்று வாதிடுவது ஒரு வழி. யார் சரி என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே வேதப் பகுதியைச் சேர்ந்து வாசித்து, அவரவர் உள்ளத்தில் பட்டதைச் சொல்லி, சேர்ந்து ஜெபிப்பது மற்றொரு வழி. நான் கத்தோலிக்கன். முதல் வழியில் ஒன்றரை ஆண்டு நடந்தேன். இரண்டாவது வழியில் இது ஆறாவது ஆண்டு. இரண்டாவதே மேல் என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும். ஆனாலும் முதல் வழியில் பெற்றதை நான் தள்ளிவிட விரும்பவில்லை.

அன்போடு பேச வேண்டும், பிறர் நம்பிக்கையை இழிவுபடுத்தக் கூடாது என்பவை இரண்டு வழிகளுக்கும் பொது என்பதால் அவற்றை இங்கே விரித்து எழுதவில்லை.

வாதம் எங்கள் அடுத்த வீட்டு அண்ணனின் திண்ணையில், சனிக்கிழமை மாலைகளில் நடந்தது. அவர் சி.எஸ்.ஐ. சபையில் நெடுங்காலம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். வேதாகமத்தில் எந்த வசனம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். மரித்தோருக்காக நாங்கள் ஜெபிப்பது ஏன் என்று அவர் கேட்டார். போர்க்களத்தில் மடிந்தவர்களுக்காக யூதா மக்கபே காணிக்கை திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதை, மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்திலிருந்து நான் எடுத்துக் காட்டினேன். அந்த நூல் தங்கள் வேதாகமத்தின் 66 புத்தகங்களில் இல்லை என்று சொல்லி, ஒரே தரம் மரிப்பதையும் அதன்பின் நியாயத்தீர்ப்பையும் பேசும் எபிரெயர் 9:27ஐ அவர் எடுத்தார். எங்களுடைய 73 நூல்களின் வரலாற்றுக்கு நான் போனேன். இப்படித்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போயிற்று. விசுவாசத்தினால் மட்டும் நீதிமானாக்கப்படுகிறோமா, அதாவது கடவுள் முன் நீதியுள்ளவர்களாக ஏற்கப்படுகிறோமா என்ற கேள்வியில் விசுவாசத்தை முன்வைக்கும் ரோமர் 3:28இல் அவர் நின்றார். விசுவாசம் மட்டும் போதாது, செயலும் வேண்டும் என்னும் யாக்கோபு 2:24இல் நான் நின்றேன்.

இதனால் பயன் இல்லை என்று சொன்னால் அது பொய். ஞானஸ்நானம் பெற்று நாற்பது ஆண்டுகள் கழித்தும் மக்கபேயர் நூலை நான் திறந்து பார்த்ததில்லை. அண்ணன் கேட்ட கேள்விதான் என்னைத் திறக்க வைத்தது. நம் தமிழ்நாட்டிலேயே இந்த வாதத்துக்கு நீண்ட மரபு உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த லுத்தரன் குருமாரும் அச்சிட்டுப் பரப்பியவற்றுக்கு, கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவர் 'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்' போன்ற மறுப்பு நூல்களை எழுதினார். எளியவர்களுக்கும் விளங்கும்படி தமிழ் உரைநடை எழுதும் தேவையை இந்த மோதல் இரு தரப்புக்கும் உண்டாக்கியது. ஆகவே வாதம் அறிவை வளர்க்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் இரண்டு வழிகளையும் எடை போடும்போது கடைசியில் எனக்கு ஒரு கேள்வியே முடிவைத் தந்தது: வந்தவர்கள் மறுவாரமும் வருவார்களா?

திண்ணையில் முதல் சனிக்கிழமை பதினொரு பேர் அமர்ந்திருந்தோம். மூன்று மாதத்தில் ஏழு பேரானோம். ஒன்றரை ஆண்டு முடிவில் அண்ணனும் நானும், எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பெஞ்சுமே மிஞ்சின. யாரும் சண்டையிட்டுப் போகவில்லை. பெண்கள்தாம் முதலில் நின்றார்கள். பேச்சில் தங்களுக்கு இடமே இல்லை என்றார்கள். அது உண்மைதான். வாதத்தில் பதில் வைத்திருப்பவருக்கு மட்டுமே வாய் உண்டு, மற்றவர்கள் பார்வையாளர்கள். பிறகு இளைஞர்கள் நின்றார்கள். கடைசியாக நின்றவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர். மாதாவிடம் மன்றாடுவது பற்றி அன்றைக்குப் பேச்சு நடந்தது. அவர் எதுவும் பேசாமல் சட்டைப்பையிலிருந்த செபமாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுவாரம் அவர் வரவில்லை. அன்று என் பக்கத்து நியாயங்களை நான் நன்றாகவே எடுத்து வைத்தேன் என்று நினைத்திருந்தேன். அவருக்காகத்தான் பேசினேன், அவரோ ஐம்பது ஆண்டு ஜெபித்த ஒன்று நடுவில் வைத்து அலசப்படுவதைப் பார்க்க முடியாமல் எழுந்து போயிருக்கிறார்.

ஒவ்வொரு வாதமும் கேட்பவரிடமிருந்து கொஞ்சம் நம்பிக்கையைச் செலவழிக்கிறது. அந்தச் செலவை ஈடுகட்டும் வேறு வரவு இல்லாவிட்டால் கூட்டம் கரைந்துதான் போகும். திண்ணையில் நடந்தது பெரிய சபைகளின் வரலாற்றிலும் நடந்திருக்கிறது. 1541இல் ஜெர்மனியின் ரெகென்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்க, சீர்திருத்தத் தரப்பு அறிஞர்கள் கூடினார்கள். கத்தோலிக்கப் பக்கம் எக், சீர்திருத்தப் பக்கம் மெலாங்தன், பூட்சர். திருத்தந்தையின் தூதராகக் கர்தினால் கொந்தாரினி. நீதிமானாக்கப்படுதல் பற்றி அவர்கள் ஓர் உடன்பாட்டு வாசகத்தையே எழுதிவிட்டார்கள் என்பதை இன்று வாசிக்கும்போது வியப்பாக இருக்கிறது. ஆனால் நற்கருணையிலும் திருச்சபையின் அதிகாரத்திலும் பேச்சு முறிந்தது. எழுதிய வாசகத்தை ரோமும் ஏற்கவில்லை, லுத்தரும் ஏற்கவில்லை. வந்தவர்கள் பிரிந்து போனார்கள். அதே நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்த மரபுச் சபைகளும் அதில் சேர்ந்தன. ரோமர் 3:28ம் யாக்கோபு 2:24ம் நடுவில் வைத்து எங்கள் திண்ணையில் தீராத கேள்வி அதுவே.

இடையில் மாறியது என்ன? வசனங்கள் மாறவில்லை. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஆணையை வெளியிட்டு, பிற சபையாரோடு சேர்ந்து ஜெபிக்கக் கத்தோலிக்கரை ஊக்குவித்தது. 1967 முதல் கத்தோலிக்க, லுத்தரன் அறிஞர்கள் ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பக் கூடினார்கள். கருத்து வேறுபட்ட பின்னும் அடுத்த கூட்டத்துக்கு வந்தார்கள் என்பதே அந்த முப்பது ஆண்டுகளின் சாதனை என்று நான் நினைக்கிறேன். தென்னிந்தியத் திருச்சபையின் பிறப்பும் இதற்குச் சான்று. 1919இல் தரங்கம்பாடியில், வீரமாமுனிவர் எந்த ஊராரை மறுத்து எழுதினாரோ அதே ஊரில், ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்களும் தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்தவர்களும் கூடி ஒன்றாக இணைய அழைப்பு விடுத்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் சி.எஸ்.ஐ. உருவாக 28 ஆண்டுகள் ஆயின. சேலத்தில் 1827இல் ஊழியத்தைத் தொடங்கிய லண்டன் மிஷன் வழிவந்த சபைகளும் அந்த இணைப்பின் வழியாகவே இன்று சி.எஸ்.ஐ.யாக இருக்கின்றன.

இப்போது எங்கள் புதன்கிழமைகளுக்கு வருகிறேன். ஆர்.சி. வீடு ஒரு வாரம், சி.எஸ்.ஐ. வீடு மறுவாரம் என்று மாறி மாறிக் கூடுகிறோம். எங்களுக்கு அன்பியக் கூட்டமும் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) அவர்களுக்கு வீட்டு ஜெபக் கூட்டமும் ஏற்கெனவே பழக்கம் என்பதால் முறை யாருக்கும் புதிதாகத் தோன்றவில்லை. ஒரு பகுதி இரண்டு முறை வாசிக்கப்படும். அவர்கள் பழைய திருப்புதல் எனப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்தும் நாங்கள் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலிருந்தும் வாசிப்போம். அந்தப் பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்தது. எங்கள் 73 நூல்களில் அவர்களிடம் இல்லாதவை அதில் இணைத் திருமுறை நூல்கள் என்ற பெயரில் இருக்கின்றன. ஆனால் சி.எஸ்.ஐ. வீடுகளில் பழைய திருப்புதலின் நடை வாயில் ஊறியிருப்பதால் யாரும் அதை விடுவதில்லை. விடச் சொல்லவும் தேவையில்லை. ஒரே வசனம் இரண்டு தமிழில் காதில் விழும்போது, வாசித்துப் பழகிய வசனத்தையே புதிதாகக் கேட்கிறோம்.

இந்த வழியில்தான் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி எங்களுக்குக் கிடைத்தார். சங்கீதம் 129 என்று தன் மாமியாரின் பழைய செபப் புத்தகத்தில் இருப்பதாக அவர் சொன்னார். ஆழத்திலிருந்து கூப்பிடுகிறேன் என்று தொடங்கும் செபம் அது. வேதாகமத்தைத் திறந்தால் 129இல் வேறு சங்கீதம் இருந்தது. பழைய கத்தோலிக்கப் புத்தகங்கள் இலத்தீன் வேதாகமத்தின் எண்களைப் பின்பற்றியதால் பல சங்கீதங்களின் எண் ஒன்று குறைந்து வரும். பாட்டி சொன்னது 130. அண்ணன் அதை எடுத்து வாசித்தார். இறந்தவர் வீட்டில் இரவு முழுவதும் அதைச் சொல்லித் தன் மாமியார் விழித்திருந்ததைப் பாட்டி சொன்னார். மரித்தோருக்காக ஜெபிப்பது சரியா என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒன்றரை ஆண்டு வாதத்தில் நான் விளக்க முடியாத ஒன்றை, அதாவது இறந்தவரை விட்டுவிட மனம் வராத அன்பே ஜெபமாகிறது என்பதை, அண்ணன் அன்று புரிந்துகொண்டார். அந்தப் போதனையை அவர் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

கூட்டம் கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு முடியும். தொடக்கத்தில் சில மாதங்கள் அந்த முடிவே சங்கடமாக இருந்தது. தீமையிலிருந்து விடுவித்தருளும் என்றதும் நாங்கள் ஆமென் சொல்லி நின்றுவிடுவோம். "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே" என்று அவர்கள் மேலே போய்க்கொண்டிருப்பார்கள். பாதி அறை நின்றுவிட, மீதிப் பாதியின் குரல் தடுமாறும். பழமையான மத்தேயு சுவடிகள் பலவற்றில் அந்த வரி இல்லை என்று திண்ணை நாட்களில் நானே வாதிட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் திருப்பலியிலும் கர்த்தர் கற்பித்த செபத்துக்குப் பின் குருவானவர் ஒரு சிறு மன்றாட்டைச் சொன்னதும் அதே பொருளுள்ள புகழ்ச்சியைத்தானே நாங்களும் சொல்கிறோம்? இதை எங்கள் பங்கைச் சேர்ந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி சுட்டிக்காட்டினாள். அதன் பின் நாங்கள் ஆமெனை நிறுத்தி வைத்து, கடைசி வரியையும் சேர்ந்தே சொல்கிறோம்.

இந்த வழிக்கும் பராமரிப்பு வேண்டும். விட்டுவிட்டால் இதுவும் கெடும். நல்ல உறவு கெட்டுவிடுமோ என்று பயந்து கடினமான கேள்விகளையே தவிர்ப்பது இதன் பெரிய ஆபத்து. எங்களிடம் அது நடந்திருக்கிறது. ஆர்.சி. பெண்ணுக்கும் சி.எஸ்.ஐ. பையனுக்கும் திருமணம் பேசியபோது, இரு வீட்டாரும் புதன்கிழமைகளில் ஒன்றாக ஜெபித்தவர்களாக இருந்தும், கத்தோலிக்கர் அல்லாதவரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும் என்பதையும், குழந்தைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானமும் வளர்ப்பும் தரத் தன்னால் இயன்றதைச் செய்வதாகப் பெண் வாக்குறுதி தர வேண்டும் என்பதையும், அதைப் பையனுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதையும் நிச்சயதார்த்தம் நெருங்கும் வரை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்த இடத்தில் தேவைப்பட்டது வாதமே: ஆவணத்தை நடுவில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லும் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்படிப் பேசினோம். அன்று குரல்கள் உயர்ந்தன. ஆனாலும் அடுத்த புதன்கிழமை இரு குடும்பமும் வந்தன. ஐந்து ஆண்டு சேர்ந்து ஜெபித்திராவிட்டால் வந்திருக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. அதனால்தான் வாதத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. சேர்ந்து ஜெபிப்பது முதலில் வர வேண்டும், வாதம் அதன்மேல் நிற்க வேண்டும் என்கிறேன்.

நான் சொல்பவை ஒரு சிறு மலையூரின் பதினாறு பேர் அனுபவம். கீழே சேலம் நகரத்தில் பெந்தெகொஸ்தே சபைகளும் தனிச்சபைகளும் நிறைய இருக்கின்றன. அந்தச் சபையாரோடு இப்படி அமர்ந்த பழக்கம் எனக்கு இல்லை. ஞானஸ்நானத்தையே மறுபடி எடுக்க வேண்டும் என்று கருதுவோரோடு இந்த முறை எவ்வளவு தூரம் செல்லும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. எங்கள் இளைஞர்கள் கைபேசியில் வாதக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்து கேட்கும் கேள்விகளுக்கும் கூட்டு ஜெபம் மட்டும் பதிலாகாது. அவர்களோடு தனியாக அமர்ந்து, வேதமும் திருச்சபை வரலாறும் படிக்கத்தான் வேண்டியிருக்கிறது. தொடங்க நினைப்பவர்களுக்கு, ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரமோ, மார்ச் முதல் வெள்ளியன்று பெண்கள் நடத்தும் உலக ஜெப நாளோ எளிய வாசல். பெண்கள் முன்னின்று நடத்தும் கூட்டம் அதிக நாள் நிலைக்கிறது என்பதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

இரண்டு வழிகளும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. சி.எஸ்.ஐ. ஆலயத்தில் திருவிருந்து ஆராதனைக்கு நான் போகும்போது, வாருங்கள் என்று அண்ணன் அழைப்பார். எங்கள் திருச்சபைச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. எங்கள் திருப்பலிக்கு அவர் வந்தாலும் நற்கருணை வரிசையில் அவரால் நிற்க முடியாது. அவர் பீடத்தை நோக்கி நடக்கும்போது நான் இருக்கையிலேயே முழங்காலில் இருப்பேன். அவர் திரும்பி வந்ததும் காலை ஒதுக்கி வழி விடுவேன். அவர் அமர்ந்து கண் மூடும் வரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை.