ஐந்து கேள்வித் தாள்: சாட்ஸ்வர்த் பெரியவர்களிடம் எடுபடுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் 'டபிள்யூஎச்ஓ-5' நலக் கேள்வித்தாள் ஒரே பக்கம்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் முதியோர் மன்றம் நடத்துபவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். தாளில் குறை குறைவு. கேட்கிற விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கடந்த இரண்டு வாரத்தில் மகிழ்ச்சி, மன அமைதி, சுறுசுறுப்பு, எழும்போது புத்துணர்ச்சி, அன்றாடத்தில் ஆர்வம் எவ்வளவு நேரம் இருந்தது என்பதே கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 (ஒருபோதும் இல்லை) முதல் 5 (எப்போதும்) வரை மதிப்பெண். கூட்டி 4ஆல் பெருக்க வேண்டும். 50 அல்லது அதற்குக் கீழே வந்தால் மனச்சோர்வு உண்டா என்று மருத்துவர் பார்க்கட்டும். தாளே நோயைத் தீர்மானிக்காது.

"எப்படி இருக்கீங்க ஆயா?" என்றால் "ஏதோ, சாமி புண்ணியத்துல இருக்கேன்" என்பார். உதவியாளர் பேசாமல் 3 போட்டுவிடுவார். அது தப்பு. "பதினாலு நாள்ல எத்தனை நாள்?" என்று கேளுங்கள்: பாதிக்கு மேல் என்றால் 3, பாதிக்குக் குறைவென்றால் 2. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னால் அந்தத் தாள் செல்லாது.

சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ளவர் 80 என்று நல்ல மதிப்பெண் வாங்கினால் தப்போ என்று பதற வேண்டாம். கேட்டது நோயை அல்ல, மனநிலையை. பிரஷரைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக அச்சடியுங்கள். பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுத்தான் வருவார்கள்.