ஏரிக்கரையில் எதைக் காட்டலாம்: 6174 எண்ணையா, காகிதப் பட்டையையா?

ஏற்காடு ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கணக்கின் ருசியைக் காட்ட இரண்டு வழி வைத்திருக்கிறேன்.

ஒன்று, தேவ்லாலி பள்ளி ஆசிரியர் காப்ரேகர் கண்டுபிடித்த 6174. நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நாலிலக்க எண்ணையும் எடுங்கள். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையைக் கழியுங்கள். வந்ததை வைத்து மறுபடியும், முன்னால் பூஜ்யம் வந்தால் அதையும் சேர்த்தே. 3524 என்றால் 5432 - 2345 = 3087; 8730 - 0378 = 8352; 8532 - 2358 = 6174. எந்த எண்ணானாலும் 7 தடவைக்குள் அங்கே வந்தே தீரும். அற்புதம்தான். ஆனால் கடன் வாங்கிக் கழிக்கையில் ஒரு இலக்கம் தப்பினால் ஆள் நழுவிவிடுவார்.

மற்றது மோபியஸ் பட்டை. நீளக் காகிதத்தை அரைமுறுக்கு முறுக்கி, முனைகளை ஒட்டி, நடுவே நீளவாக்கில் வெட்டுங்கள். இரண்டாகாது, இரு மடங்கு நீளத்தில் ஒரே வளையம். ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வெட்டினாலோ, பெரிதும் சிறிதுமாக ஒன்றோடொன்று கோத்த இரண்டு வளையங்கள்! பாட்டியும் கத்தரிக்கோல் கேட்பார், பேரனும் பிடுங்குவான்.

நடந்துபோகிற கூட்டத்துக்குப் பட்டைதான் சரி. 6174, கீழே சேலத்து வகுப்பறைகளுக்கு. பிள்ளைகள் ஆளுக்கொரு எண்ணில் தொடங்கி, எல்லாரும் ஒரே எண்ணில் வந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமே!