ஈபிடி பிடிஎஃப் கைக்கு வந்துடுச்சுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, நான் பட்டது

லீட் (பசுமைக் கட்டடத்துக்குக் குடுக்கிற சர்டிஃபிகேட்) சப்மிஷன் பார்க்கிறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க. ஈபிடின்னா ஒரு பொருள் சுற்றுச்சூழலை எவ்வளவு பாதிக்குதுன்னு கணக்குக் காட்டுற அறிக்கை. எங்க ப்ராஜெக்ட் லீட் வி4.1. ஈபிடி பாயிண்டுக்கு 20 ப்ராடக்ட் காட்டணும், குறைஞ்சது 5 மேனுஃபேக்சரர்கிட்ட இருந்து. ஒரு கம்பெனி தன் ப்ராடக்டுக்குன்னே போட்டு வெளியாள் வெரிஃபை பண்ணின டைப் 3 ஈபிடின்னா ஒண்ணுக்கு 1.5 கணக்கு, அப்படி இழுத்துப் பிடிச்சு சரியா 20ல நிறுத்திட்டேன், ஒண்ணு கூட உபரி வச்சுக்கல (இது என் தப்புதான், ஒத்துக்கறேன்).

அதுல இன்சுலேஷன், சீலிங் டைல் ரெண்டும் ஒரே சப்ளையர். வேலிடிட்டி இருக்கான்னு ஆர்டருக்கு முன்னாடியே கேட்டேன், "எல்லாம் கரண்ட்தான் மேடம்"னு சொல்லிட்டு பிடிஎஃப் அனுப்பினார், ஃபைல் பேர்லயே நடப்பு வருஷம் போட்டிருந்தது, நானும் நம்பி ஃபோல்டர்ல போட்டுட்டேன். ரிவ்யூல ரெண்டையும் தூக்கிட்டாங்க. ப்ராஜெக்ட் ரிஜிஸ்டர் பண்றதுக்கு ஏழு மாசம் முன்னாடியே எக்ஸ்பயர் ஆனதாம்!

அப்புறம்தான் பிடிஎஃபை ஒழுங்கா பார்த்தேன். இன்சுலேஷனோடது பக்க எண் 3ல ஆரம்பிக்குது. வேலிட் அன்டில் தேதி இருக்கிற முதல் ரெண்டு பக்கத்தையே காணோம். சீலிங் டைலுக்கு இன்னொரு கதை, "இங்க பாருங்க மேடம், இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே"ன்னு அவர் வட்டம் போட்டு அனுப்பின தேதி பிசிஆரோடது. பிசிஆர்ங்கிறது அந்த வகைப் பொருளுக்கெல்லாம் ஈபிடி எப்படிப் போடணும்னு சொல்ற ரூல், அதுக்குன்னு தனி ஆயுசு உண்டு, அது உயிரோட இருக்குங்கிறதால ஈபிடி உயிரோட இருக்குன்னு ஆகாது. ஈபிடிக்கு பொதுவா 5 வருஷம்தான். நடுவுல அட்ரஸ் மாத்தி ரிவிஷன் தேதி புதுசா போட்டிருந்தாலும் அந்த 5 வருஷம் நீளாது, இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க.

ரினியூவல்னா சீல் குத்தி வாங்குற வேலையும் இல்ல. புது டேட்டா எடுத்து எல்சிஏ (ஈபிடிக்கு அடிப்படையான ஆயுள் சுழற்சி பாதிப்புக் கணக்கு) திரும்பப் போட்டு, திரும்ப வெரிஃபை பண்ணணும். அதுவும் பழசு இஎன் 15804ங்கிற (கட்டடப் பொருள் ஈபிடிக்கான ஐரோப்பியத் தரவிதி) ஏ1 பதிப்புல போட்டதுன்னா, 2019ல வந்த ஏ2ல பெரும்பாலான பொருளுக்கு இடிச்சு அகற்றுற கட்டம் வரைக்கும் கணக்கு காட்டணும், செலவு இருக்கு. அதான் தள்ளிப் போடுறாங்கன்னு எனக்குத் தோணுது.

மாட்டின பொருளைக் கழட்டவா முடியும்? ஒண்ணுக்கு 1.5ன்னு ரெண்டுலயும் போன 3ஐ ஈடு கட்ட ஏற்கனவே போட்ட மத்த மெட்டீரியல்ல தேடினேன், இண்டஸ்ட்ரி-வைட் ஈபிடி (பல கம்பெனி சேர்ந்து பொதுவா போட்டது) ரெண்டு கிடைச்சது, அது ஒண்ணுக்கு ஒண்ணுதான், 19ல நின்னுடுச்சு. பாயிண்ட் போச்சு.

இப்பல்லாம் சப்ளையர் அனுப்புற பிடிஎஃபை நான் தொடறதே இல்ல. ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரை மட்டும் வாங்கி, ஈபிடி வெளியிட்ட ப்ரோக்ராம் ஆபரேட்டர் சைட்ல போட்டு நானே டவுன்லோட் பண்றேன், ஐஞ்சு நிமிஷ வேலை. தேதி செத்திருந்தா பேமெண்ட் நிக்கும்னு பர்ச்சேஸ் ஆர்டர்லயும் ஒரு வரி சேர்த்தாச்சு.

அந்த ஆள் நேத்து கூட மெசேஜ் போட்டார், "ரினியூவல் போயிட்டிருக்கு மேடம்"னு.