ஜிப் வைத்த பைபிள்: ஏழு மாதம் கழித்து

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் ஊர் கிறிஸ்தவப் புத்தகக் கடை ஒன்றில் 1,250 ரூபாய் கொடுத்து வாங்கியது. கறுப்பு ரெக்சின் உறை, சுற்றி ஜிப், பொன் விளிம்பு, இரண்டு ரிப்பன். உள்ளே பழைய திருப்புதல்தான் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு), அதாவது வீட்டில் ஏற்கெனவே இருக்கிற அதே பைபிள். பிறகு எதற்கு வாங்கினாய் என்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஆராதனைக்குக் கையில் எடுத்துப் போனால் பார்க்க நன்றாக இருக்கும் என்றுதான்.

நாலாவது மாதமே உறை உரிய ஆரம்பித்துவிட்டது. கை பிடிக்கிற இடத்தில் கறுப்புப் பொடி உதிர்ந்து வெள்ளைச் சட்டையில் ஒட்டும். ஜிப் அதைவிட மோசம், அதன் பல்லில் சிக்கி ஆதியாகமம் முதல் தாள் ஓரம் கிழிந்து தொங்குகிறது, அப்புறம் போதகர் "வேதத்தைத் திறந்துகொள்வோம்" என்றதும் கர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், முன் பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

ஆனால் உள்ளே குறை சொல்ல முடியாது. எழுத்து தெளிவு, தையல் பைண்டிங் அசையவில்லை, ஒரு வசனத்திலிருந்து அதற்கு ஒத்த வேறு வசனங்களுக்கு வழிகாட்டும் ஒத்தவாக்கியங்கள் இருக்கின்றன. தாவீதின் அண்ணன் எலியாபின் உயரத்தைப் பார்த்து இவன்தான் ராஜா என்று சாமுவேல் தீர்க்கதரிசியே ஏமாந்த இடத்தில் (1 சாமுவேல் 16) ஒரு ராத்திரி ஆரம்பித்தேன், மத்தேயு 23இல் வெளியே அழகு, உள்ளே அசுத்தம் என்று மாயக்காரரை இயேசு ஒப்பிடுகிற வெள்ளையடித்த கல்லறைகள் வரை போய்விட்டேன். அழகுக்காக வெள்ளையடித்தார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பஸ்கா என்கிற யூதப் பண்டிகைக்கு வருகிற ஜனங்கள் தெரியாமல் தொட்டுத் தீட்டுப்படக் கூடாது என்று அடையாளத்துக்கு அடிப்பார்களாம். அப்படியென்றால் அந்த வெள்ளையே கிட்டே வராதே என்கிற எச்சரிக்கை! இயேசுவின் பேச்சு இன்னும் சுருக்கென்று தைத்தது.

அடுத்தது 1 பேதுரு 3. எங்கள் சித்தி பெந்தெகொஸ்தே சபை, பெண்களுக்கு அலங்காரம் பொன் நகையாக இருக்கக் கூடாது என்கிற மூன்றாம் வசனத்தைக் காட்டி நகையெல்லாம் கழற்றிவிட்டார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரர்களான நாங்கள் நாலாம் வசனத்தைக் காட்டி, "இருதயத்தில் மறைந்திருக்கிற குணம்தானே முக்கியம்" என்று சங்கிலியைப் போட்டுக்கொள்வோம். மயிரைப் பின்னுவதும் அதே மூன்றாம் வசனத்தில்தான் இருக்கிறது, சடை போடாதே என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கழுத்தில் சங்கிலி கிடந்தாலும் சரி, வெறுங்கழுத்தானாலும் சரி, ஆளை எடைபோட இரண்டு பக்கமும் கழுத்தைத்தான் பார்க்கிறோம்.

சரி, பைபிளுக்கு வருகிறேன். உள்ளே 5, வெளியே 1. கடையில் கேட்டதற்கு, "உறைக்கு கேரன்டி கிடையாது தம்பி, 300 ரூபாய்க்குப் புது ஜிப் கவர் இருக்கு, மெரூன் கலர், பாக்குறீங்களா?" என்றார்கள். எடுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பழைய காலண்டர் தாள் ஒன்று கேட்டு வாங்கி அட்டை போட்டுக்கொண்டேன்.