மூன்று மளிகைக் கடைக்கு ஒரே பில்லிங் மென்பொருள்: வாங்கலாமா?

குமரி மாவட்டத்தில் கருங்கல், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்களுக்கு மூன்று மளிகைக் கடை. மூன்றையும் ஒரே பில்லிங் மென்பொருளுக்கு மாற்றி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. நாகர்கோவிலில் முகவர் வைத்திருக்கும் வெளியூர் கம்பெனி. பெயர் இங்கே வேண்டாம். மென்பொருளுக்கு என் மதிப்பெண் நல்லது. விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கு அவ்வளவு தர மாட்டேன்.

விற்க வந்தவர்கள் மூன்று கடையையும் ஒரே ராத்திரியில் மாற்றித் தருகிறோம் என்றார்கள். அதுவும் 2024 ஓணத்துக்கு முன்னால். நம்ம பக்கத்தில் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் கல்லாவில் ஆள் நிற்க இடம் இருக்காது என்று தெரியாதவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். சின்னக் கடையான கருங்கலில் முதலில் போட்டோம். ஓணம் கழிந்து தக்கலை. கிறிஸ்துமஸ் கூட்டம் ஓய்ந்த பிறகே மார்த்தாண்டம். கருங்கலில் பழகிய பிள்ளைகள்தான் மற்ற இரண்டு கடைக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். கம்பெனிப் பயிற்சியாளரைவிட அவர்கள் சொன்னது சீக்கிரம் ஏறியது.

எனக்கு மிகவும் பிடித்தது தராசு இணைப்பு. மட்டிப்பழக் குலையைச் சீப்பாக நறுக்கித் தட்டில் வைத்ததும் 13 இலக்கப் பார்கோடு ஒட்டு வரும். முதல் இரண்டு இலக்கம் இது கடைக்குள் அச்சடித்தது என்பதற்கான அடையாளம், அடுத்த ஐந்து பொருளின் எண், அதற்கடுத்த ஐந்து கிராமில் எடை, கடைசி ஒன்று சரிபார்க்க. 01250 என்றால் ஒன்றேகால் கிலோ. கல்லாவில் விலையைக் கையால் அடிக்கும் வேலையே இல்லை. ஆனால் மட்டி இரண்டு நாளில் கறுத்துவிடும். கழிவை அன்றன்றைக்கே எழுதாவிட்டால் திரையில் இருக்கும் இருப்பு வெறும் கற்பனை. அது மென்பொருளின் குற்றமில்லை.

வரி விஷயத்திலும் கைகொடுத்தது. சம்பா அரிசியைச் சாக்கிலிருந்து அளந்து கொடுத்தால் ஜிஎஸ்டி இல்லை. 25 கிலோ வரை லேபிள் ஒட்டிய பாக்கெட் என்றால் 2022 ஜூலையிலிருந்து 5 சதவீதம். ஒரே அரிசிதான், ஆனால் இரண்டு பொருளாகப் பதிய வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியபோது, மார்த்தாண்டத்தில் உட்கார்ந்தபடி எச்எஸ்என் எண்ணை (வரிக்காகப் பொருளை வகை பிரிக்கும் எண்) வைத்து மொத்தமாக மாற்றினோம். காலையில் கடை திறக்கும்போது மூன்று இடத்திலும் புது வரி. பழைய இருப்பில் புது விலை ஒட்டும் வேலைக்கு மட்டும் மென்பொருள் உதவாது, கைதான்.

இனி குறை. தமிழ் பில். காட்டியபோது அழகாக வந்தது, நம்ம பழைய பிரிண்டரில் 'கொத்தமல்லி' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறியது. பில்லை வாங்கிப் பார்த்த ஒரு பாட்டி, "இது என்ன பாஷை மக்களே?" என்றார். எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பினால் சரியாக வரும் என்று முகவர் வழிசெய்தார். வந்தது, ஆனால் நீளமான பில் நத்தை மாதிரி நகர்கிறது. அதனால் கூட்ட நேரத்தில் ஆங்கிலம், மற்ற நேரத்தில் தமிழ் என்று ஓட்டுகிறோம். வாங்கப்போகிறவர்கள் கம்பெனிக்காரரின் மடிக்கணினியில் பார்த்துத் திருப்திப்படாமல், சொந்த பிரிண்டரில் நாற்பது வரி பில் ஒன்றை அடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, இணையம். மழைக்காலத்தில் கேபிள் அறுந்தாலும் பில் போடலாம், அது உண்மை. ஆனால் இணைப்பு திரும்பியதும் கடைக்குக் கடை அனுப்பிய சரக்கு சில நேரம் கணக்கில் இரண்டு தடவை ஏறிவிடுகிறது. புகார் கொடுத்தால் "அடுத்த அப்டேட்டில் வரும் சார்" என்ற பதில்தான். அதுவரை தக்கலைக்குப் போகும் சரக்கைச் சிட்டையிலும் எழுதுகிறோம்.

விலையைப் பேசும்போது எல்லோரும் முதல் ஆண்டுத் தொகையில்தான் பேரம் பேசுவார்கள். நான் ஆண்டுப் பராமரிப்புத் தொகையில் நின்றேன். மூன்று ஆண்டுக்கு ஏற்றக் கூடாது, ஆள் நேரில் வர வேண்டும், விலகினால் பொருள் பட்டியலும் பாக்கிக் கணக்கும் எக்செல் கோப்பாகக் கைக்கு வர வேண்டும். மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கிறது. ஒரு கடை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இத்தனை செலவு தேவையில்லை, இதைவிட மலிவானது போதும். இரண்டுக்கு மேல் என்றால் வாங்கலாம், அந்தச் சரக்கு மாற்றக் கோளாறைத் தீர்த்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டு.