உப்புக்காற்றில் ரேஸ் காலிப்பர்: கேபி61 முன் பிரேக் அனுபவம்

போன கிழமை மறுபடியும் முன் காலிப்பர் (பிரேக் பேட்டை டிஸ்கில் அழுத்தும் பாகம்) இரண்டையும் கழற்றி சீல் மாற்றினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் புகழ்ந்துதான் எழுதுவேன்.

கார் டொயோட்டா ஸ்டார்லெட் கேபி61. உள்ளே 4ஏ-ஜிஇ எஞ்சின், 13 அங்குல ரிம். நேர்ப்பாதையில் கால் மைல் ஓடும் ட்ராக் ரேஸுக்குக் கட்டிய கார்தான், ஆனால் சந்தைக்கும் அதில்தான் போகிறேன். முன்னுக்கு இருப்பது ட்ராக் காருக்கென்றே வரும் நாலு பிஸ்டன் அலுமினியம் காலிப்பர், நடுவில் காற்று வழி இல்லாத ஒல்லி டிஸ்க். பிராக்கெட் லேத்தில் செய்தது. பெடலை மிதித்தால் பிரேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதே ஒத்துப்போனது.

என் பிரச்சினை ஒன்றே ஒன்று. இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டனை மூடும் ரப்பர் டஸ்ட் கவர் கிடையாது. ரேஸ் சாமான் அப்படித்தான் வரும். அந்தச் சூட்டில் ரப்பர் கருகும், அடிக்கடி பிரித்துத் துடைப்பார்கள் என்ற கணக்கு. சரி, ஓடுபாதைக்கு அது நியாயம். எங்கள் திருகோணமலையின் நிலாவெளி வீதிக்கு? வாடைக்காற்று தொடங்கினால் சாம்பல்தீவுப் பக்கம் கண்ணாடியிலேயே உப்பு படிகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிஸ்டனை அது விடுமா?

காற்றடித்து பிஸ்டனைத் தள்ளி எடுத்தபோது சுற்றிவர சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், கருவாட்டில் பூத்த உப்பு மாதிரி. நகத்தால் சுரண்டினால் மணல் நறநறக்கிறது. பிரேக்கை விடும்போது பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுப்பது உள்ளே இருக்கும் சதுர சீல்தான். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வருகிறது. புது பேட் போட அதை உள்ளே தள்ளினால் அந்த மணலும் சேர்ந்து போய் சீலைக் கீறுகிறது. அப்புறம் ஒரு பிஸ்டன் இறுகும், பேட் சரிவாகத் தேயும், கார் இடப்பக்கம் இழுக்கும்.

எடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் அளப்பு அதிகம். சுழலும் ஒரு கிலோவைக் குறைத்தால் பாடியில் நாலு கிலோ குறைத்ததற்குச் சமம் என்பார்கள். டயருக்கே அது அதிகம். விளிம்பில் இருக்கும் எடையும் இரண்டு மடங்கைத் தாண்டாது. டிஸ்க் சக்கரத்தின் நடுவை ஒட்டிச் சுற்றுவது. என் சைஸ் டயருக்குக் கணக்குப் போட்டால் ஒரு கிலோ டிஸ்க் 1.1 கிலோ மாதிரித்தான் நடக்கும். ஆக நேரத்தில் பெரிய வித்தியாசம் தேடாதீர்கள். எனக்குக் கிடைத்தது வேறு: முன்சக்கரம் இலேசானதில் பள்ளத்தில் விழுந்த கார் துள்ளாமல் எழும்புகிறது, ஸ்டியரிங் கையில் பேசுகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. கந்தளாய் வீதியில் நீளமாக ஓட்டும்போது இதற்காகவே காலிப்பரை மன்னித்துவிடலாம் போலிருக்கும்.

நிற்பதும் நன்றாகத்தான் நிற்கிறது, ஒருமுறை. ஆளோடு 850 கிலோ கார் 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால், முன்னுக்கு முக்கால் பங்கு என்று வைத்தாலும், ஒவ்வொன்றும் இரண்டு கிலோ உள்ள டிஸ்குகள் 300 பாகைக்கு மேல் சூடேறும். ஓடுபாதையில் ஆறவிட நேரம் உண்டு. வீதியில் அடுத்த வளைவிலேயே மாடு படுத்திருக்கும். கூட வந்த ரேஸ் பேட் வேறு, குளிரில் கடிக்காது. கோட்டை வாசலில் மான் குறுக்கே வரும் ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாதாரண பேட்டுக்கு மாறிவிட்டேன், அதோடு அந்தப் பயம் போயிற்று.

பிரேக் ஒயிலையும் வருஷம் தவறாமல் மாற்றுங்கள். டாட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் குடித்தபின் அது 155. நம்ம ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். அதே விலைக்கு நல்ல பின் டயர் இரண்டு வரும், கால் மைலில் அதுதான் உதவும். கட்டாயம் வேண்டுமென்றால் டஸ்ட் கவர் உள்ள வீதி மொடலை எடுங்கள், எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. என்னுடைய பழைய வார்ப்பிரும்புக் காலிப்பரையோ கராஜ் பையனுக்குச் சும்மா கொடுத்துவிட்டேன். அடுத்த வாடைக்கு சீல் செட் இரண்டு சொல்லி வைத்தாயிற்று.