விதையா, புல்பத்தையா? உதிரி மண்ணா, மூட்டை மண்ணா?

சிங்கப்பூரில் தரைவீட்டின் பின்புறத்தில் புல்தரை அமைக்க விரும்புவோர் மூட்டை மண் என்ன விலை, லாரி மண் என்ன விலை, விதை என்ன விலை என்றுதான் பெரும்பாலும் விசாரிக்கத் தொடங்குகின்றனர். வாசலில் இறங்கும் சரக்கைப் பின்கட்டுவரை சுமப்பதும், சுமந்து சேர்த்ததை மழையிலிருந்து காப்பதும் எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் எது மலிவு என்பதை இங்கே அவ்விரண்டுமே தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து.

10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள ஓர் இடத்தில் 10 சென்டிமீட்டர் கனத்திற்கு மண் பரப்ப வேண்டுமானால், 5 கன மீட்டர் மண் தேவைப்படும். ஓரளவு ஈரமாக இருந்தால் அதன் எடை 6 டன்னைத் தாண்டிவிடும். 25 லிட்டர் மூட்டைகளாகக் கணக்கிட்டால் 200 மூட்டைகள். உதிரியாக வாங்கும் மண் அளவுக்கு அளவு மலிவாக வருவது உண்மையே. ஆனால் அதைக் கொட்டுவதற்கு இடம் வேண்டும். மூலைவீட்டுக்காரருக்குப் பக்கவாட்டில் வழி இருப்பதால், கார் நிறுத்துமிடத்தில் கொட்டிய மண்ணை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பின்னால் கொண்டுபோய்விடலாம். வரிசைவீட்டில் நடுவே குடியிருப்பவருக்கோ கூடத்தின் வழியாகச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. பளிங்குத் தரையின் மீது திறந்த மண்ணைத் தள்ளிச் செல்வதை எந்த வீட்டிலும் அனுமதிக்க மாட்டார்கள். அத்தகைய வீடுகளுக்கு, விலை கூடினாலும், மூட்டை மண்ணே ஏற்றது. ஏறத்தாழ ஒரு கன மீட்டர் கொள்ளும் ஜம்போ பை என்னும் பெரிய பை, உதிரி மண்ணுக்கும் மூட்டை மண்ணுக்கும் இடைப்பட்ட வழியாகத் தோன்றலாம். எனினும் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அதை இறக்கப் பாரந்தூக்கி பொருத்திய லாரி வர வேண்டும், சாலையோர மரக்கிளைகள் பாரந்தூக்கிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது, இறக்கிய இடத்திலிருந்து பையை நகர்த்தவும் முடியாது.

மண்ணின் தரத்தைப் பொறுத்தவரை, உதிரி மண்ணை நேரில் பார்க்காமல் வாங்குவது சரியன்று. கட்டட இடிபாடுகளின் துண்டுகளையாவது கண்ணால் கண்டு பொறுக்கிவிடலாம். கோரைக் கிழங்கு கலந்து வந்துவிட்டால் அதைப் பல மாதங்கள் தோண்டிக்கொண்டிருக்க நேரும். ஈர மண்ணில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து, விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் நல்ல மண். உருண்டையாகவே நின்றால் களி மிகுந்தது, அதில் மழைநீர் தேங்கும்.

புல்லைப் பொறுத்தவரை ஒப்பீடு நேர்மாறாகிறது. 50 சதுர மீட்டருக்குத் தேவையான அருகம்புல் விதை அரைக் கிலோவுக்குள் அடங்கும். அதை எம்ஆர்டி ரயிலில் கூட எடுத்து வரலாம். அதே பரப்பிற்கு மண்ணோடு வெட்டியெடுத்த புல்பத்தைகள் வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு டன் எடை வரும். அவற்றை வந்த அன்றே பதித்தாக வேண்டும், ஏனெனில் அடுக்கியபடியே விட்டால் உள்வெப்பத்தில் புல் மஞ்சளாகிவிடும். இவ்வளவு சிரமம் இருந்தும் நான் பத்தையையே பரிந்துரைப்பேன். அருகம்புல் விதை முளைப்பதற்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இத்தீவில், விடியற்காலையில் வரும் ஒரு சுமத்ரா காற்றுமழை அத்தனை விதையையும் அடித்துக்கொண்டுபோய் ஒரு மூலையில் சேர்த்துவிடும். மழை விட்டுவைத்ததை எறும்புகளும் புறாக்களும் சில்லைக் குருவிகளும் பார்த்துக்கொள்ளும். கரைந்தோடும் சேறு பொதுக் கால்வாயை அடைவது சட்டப்படியும் குற்றமாகும். பதித்த பத்தையோ முதல் நாளிலிருந்தே மண்ணைப் பிடித்துக்கொள்கிறது.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். அருகம்புல் முழு வெயிலைக் கேட்கும். மதில்களுக்கு இடையே ஓரிரு மணி நேரமே வெயில் விழும் பின்கட்டில் அது நலிந்துபோகும். இங்கே எங்கும் காணப்படும் அகன்ற இலையுள்ள கௌ கிராஸ் நிழலைப் பெருமளவு தாங்கும். மெல்லிய இலைகளுடன் அழகாகத் தோன்றும் மணிலாப் புல் மெதுவாகவே பரவும். ரைகிராஸ், ஃபெஸ்கியூ போன்ற குளிர்நாட்டுப் புல் விதைகள் இணையத்தில் மலிவாகக் கிடைத்தாலும், நமது வெப்பத்தில் அவை நிலைப்பதில்லை.

சமதளமாக, நல்ல வெயில் விழும் பெரிய இடம் இருந்து, தார்ப்பாயோ சணல் வலையோ விரித்துக் காக்கும் பொறுமையும் இருந்தால் மட்டுமே விதை இலாபம். பணத்தையும் சுமையையும் ஒருசேரக் குறைக்க விரும்புவோர், கௌ கிராஸ் பத்தைகளைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு சாண் இடைவெளியில் பதிக்கலாம். வாங்க வேண்டிய பத்தை பாதிக்கும் கீழே குறையும், ஓடுதண்டுகள் சில வாரங்களில் இடைவெளியை மூடிவிடும். சரிவான இடத்திற்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே பத்தைகளை நெருக்கமாகவே பதித்து, ஒவ்வொன்றையும் மூங்கில் குச்சியால் தைத்துவிட வேண்டும்.